8 ஜிபி லப்டொப், மூன்று மொழிக் கோப்புகள்: விஎஸ் கோட், விம், ஈமாக்ஸ், எதைப் படிக்கலாம்?

வெள்ளவத்தை06:

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மருதானைப் பக்கம் ஒரு சின்னக் கம்பனி. நிரல் எழுதும் எடிட்டர்களில், கம்பஸ் காலத்திலிருந்து விஎஸ் கோட் மட்டும்தான் பாவித்திருக்கிறேன். இங்கே வந்து பார்த்தால் டீம் லீட் அண்ணா கறுப்புத் திரையில் விம், பக்கத்து மேசை அக்கா ஈமாக்ஸ், மற்ற எல்லாரும் விஎஸ் கோட். அண்ணா ஒரு கோப்பைத் திருத்தும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன், கை எங்கே போகிறது என்றே விளங்காது, ஆனால் நான் பத்து நிமிடம் மினக்கெடுகிற வேலை அவருக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

என் வேலை இதுதான்: ஒரு படிவச் செயலி, சிங்களம் தமிழ் ஆங்கிலம் மூன்றிலும். பின்பக்கம் ஜாவா. சொற்கள் எல்லாம் மொழிக்கு ஒரு ஜேசன் கோப்பில் (தரவை அடைப்புக்குறியும் மேற்கோளுமாக எழுதும் வடிவம்) இருக்கின்றன, தமிழ்க் கோப்பு என் பொறுப்பு. லப்டொப்பில் 8 ஜிபி ரேம்தான்.

கேள்வி இரண்டு. ஒன்று, விம்மிலும் ஈமாக்ஸிலும் இருப்பது விஎஸ் கோடில் உண்மையிலேயே இல்லையா, அல்லது பழக்கம் மட்டும்தானா? "எல்லாம் ஒன்றுதான், உனக்குப் பிடித்ததைப் பாவி" என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம், அந்தப் பதிலை ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். இரண்டு, தமிழ்க் கோப்பில் "கொழும்பு" என்று தேடினால் சில இடங்களில் மட்டும் கிடைக்கிறது. கண்ணுக்கு முன்னால் இன்னொரு கொழும்பு நிற்கிறது, தேடல் அதைத் தாண்டிப் போகிறது. இது எடிட்டரின் பிழையா?


தெமட்டகொடை_டெவ்:

தம்பி, விஎஸ் கோடை விடாதீர்கள்.

இப்போது எடிட்டர்களுக்கு நடுவில் இருந்த பெரிய வித்தியாசம் ஒன்று போய்விட்டது. முன்பு ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக யாரோ ஆதரவு எழுத வேண்டும். பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் இருநூறு வேலை. 2016இல் மைக்ரோசொஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் சேர்ந்து எல்எஸ்பி (மொழிச் சேர்வர் நெறிமுறை) என்ற பொது நெறிமுறையை வெளியிட்டார்கள். அதன் பிறகு மொழிக்கு ஒரு சேர்வர், எடிட்டருக்கு ஒரு கிளையன்ட், அவ்வளவுதான். சொல்லை முடித்துத் தருவது, வரையறைக்குத் தாவுவது, பெயரை எல்லா இடத்திலும் மாற்றுவது, எல்லாவற்றையும் செய்வது அந்த மொழிச் சேர்வர். விம்காரர் ஜாவாவுக்குப் பாவிப்பதும் விஎஸ் கோட் ஜாவாவுக்குப் பாவிப்பதும் பெரும்பாலும் ஒரே எக்லிப்ஸ் சேர்வர்தான்.

ஆகவே "விஎஸ் கோட் ரேமைத் தின்கிறது" என்ற பேச்சில் பாதி உண்மை. விஎஸ் கோட் எலெக்ட்ரான் என்ற சட்டகத்தில் கட்டியது, எலெக்ட்ரான் என்றால் உள்ளே குரோமியம் என்ற உலாவி ஒன்று ஓடுகிறது, அது சும்மா வராது. ஆனால் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள், ஜாவா சேர்வர் தனியாக எவ்வளவு எடுக்கிறது என்று தெரியும். விம்மின் புதிய வடிவமான நியோவிம்முக்குப் போனாலும் அந்தச் சேர்வர் கூடவே வரும். 8 ஜிபியில் முதலில் தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை அந்தத் திட்டத்துக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, கொழும்பில் பிறந்த பலெரினா மொழியையே எடுங்கள். நிரலை எழுத எழுதப் பக்கத்திலேயே அதன் வரைபடம் வருகிறது, வரைபடத்தில் மாற்றினால் நிரல் மாறுகிறது. அது கிடைப்பது விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனில். புதிதாக ஒரு கருவி செய்கிறவர்கள் முதலில் இங்கேதான் செய்கிறார்கள், அந்த உண்மையைத் தள்ளிவிட முடியாது.


பழைய_ஷெல்:

மேலே சொன்னது சரி, எல்எஸ்பி எல்லாரையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தது. நியோவிம்மில் 2021இல் வந்த 0.5 பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது, ஈமாக்ஸில் 29ஆம் பதிப்போடு. அதனால்தான் நான் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. தம்பி பின்னால் நின்று பார்த்தது அதை இல்லை. அவர் பார்த்தது திருத்தும் மொழியை.

புதிதாக நிரல் எழுதுவதை விட, இருக்கும் நிரலை வாசிப்பதிலும் திருத்துவதிலும்தான் எங்கள் நாளின் பெரும் பகுதி போகிறது. விம் அதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. திறந்ததும் தட்டினால் எழுத்து விழாது, கட்டளை போகும், எழுதத் தனியாக உள்ளே போக வேண்டும். கட்டளைகள் வினையும் பெயருமாகச் சேரும். டி என்றால் அழி, சி என்றால் அழித்து எழுது, ஒய் என்றால் பிரதி எடு. டபிள்யூ ஒரு சொல், பி ஒரு பத்தி, ஐ என்றால் உள்ளே. சி, ஐ, மேற்கோள் குறி என்று மூன்று விசை தட்டினால் மேற்கோளுக்குள் இருப்பது போய்விடும், புதியதை எழுதலாம். கர்சர் மேற்கோளின் எந்த மூலையில் நின்றாலும் பரவாயில்லை. எழுதி முடித்து எஸ்கேப் தட்டிவிட்டு, அடுத்த இடத்துக்குப் போய் ஒரு புள்ளி வைத்தால் அந்த முழுத் திருத்தமும் திரும்ப நடக்கும். பத்து வினை, பதினைந்து பெயர் தெரிந்தால் நூற்றைம்பது கட்டளை தெரிந்த மாதிரி, மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் ஒரு எக்ஸெல் அனுப்பினார்: 25 மாவட்டங்களின் பெயர், மூன்று மொழியிலும், டாப் இடைவெளியோடு. அதை ஜேசனாக மாற்ற வேண்டும். முதல் வரியில் நின்று கியூ கியூ தட்டி, தட்டும் விசைகளின் பதிவைத் தொடங்கினேன். வரியின் தொடக்கத்துக்குப் போய் அடைப்புக்குறி, மேற்கோள், அடுத்த டாபுக்குத் தாவி அதை அழித்துக் காற்புள்ளியும் மேற்கோளும், இன்னொரு தடவை அதே மாதிரி, கடைசியில் அடைப்பை மூடி அடுத்த வரியின் தலைக்கு இறங்கினேன். கியூ தட்டிப் பதிவை நிறுத்தினேன். பிறகு 24, அட் குறி, கியூ. கொழும்பில் தொடங்கி மற்ற 24 மாவட்டமும் ஒரு கணத்தில் மாறி நின்றன. முக்கியமானது என்னவென்றால் பதிவில் இருப்பது "அடுத்த டாபுக்குப் போ" என்ற கட்டளை, எத்தனை எழுத்து தள்ளி என்ற கணக்கு இல்லை. அதனால் யாழ்ப்பாணம் நீளமாக இருந்தாலும் காலி குட்டையாக இருந்தாலும் அது தடுமாறவில்லை.

இந்தத் திருத்தும் மொழி நேற்று வந்ததில்லை. 1976இல் பில் ஜோய் விஐ எழுதினார். அவர் பாவித்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிட்டிருந்தன, நாங்கள் இன்றும் அந்த விசைகளில்தான் நகர்கிறோம். 1991இல் பிராம் மூலெனார் விஐயின் வழியில் வந்த விம்மை வெளியிட்டார், 2023 ஓகஸ்டில் அவர் இறக்கும் வரைக்கும் அதைப் பராமரித்தார். விரும்பினால் உகண்டாவில் உள்ள பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும்தான் கேட்டார். நான் அதைத் தொடக்கத் திரையில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும் மதிக்கிறேன்.


தெமட்டகொடை_டெவ்:

அண்ணா, 25 வரிக்கு நான் 25 கர்சர் வைப்பேன். ஒரு டாபைத் தெரிவுசெய்து கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எல் தட்டினால் எல்லா டாபிலும் கர்சர் நிற்கும். நான் தட்டுவது எல்லா வரியிலும் அந்தக் கணமே கண்ணுக்குத் தெரியும். உங்கள் பதிவில் நடுவில் ஒரு பிழை விட்டால் ஓட்டிய பிறகுதான் தெரியவரும்.


பழைய_ஷெல்:

25 வரிக்கு உங்கள் வழி நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோப்பு பத்தாயிரம் வரி, அதில் "இந்தச் சொல் உள்ள வரிகளில் மட்டும், மூன்றாவது காற்புள்ளிக்குப் பிறகு" என்று ஒரு நிபந்தனை வந்தால்? விம்மில் ஜி என்ற கட்டளை பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நான் சொன்ன விசைகளைத் தட்டிவிட்டு வரும். பிழைத்தால் ஒரு யூ, எல்லாம் பழையபடி. அதற்கும் மேலே, "பத்து நிமிடத்துக்கு முன்னால் இந்தக் கோப்பு எப்படி இருந்தது" என்று நேரத்தைச் சொல்லியே பின்னால் போகலாம். செயல்தவிர்ப்பு அங்கே ஒரு நேர்கோடு இல்லை, மரம். பின்னால் போய் வேறு வழியில் எழுதினாலும் பழைய கிளை அழியாது.


வெள்ளவத்தை06:

இதை வாசித்துவிட்டு இரவே போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். தமிழ் எழுதிவிட்டு எஸ்கேப் தட்டி ஜே தட்டினால் கீழே போகாது, கீபோட் இன்னும் தமிழில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கீபோடை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. தமிழ்க் கோப்பில் வேலை செய்கிறவனுக்கு விம் சரிவருமா?


பழைய_ஷெல்:

வரும், ஆனால் கீபோடை வெளியே மாற்றக்கூடாது, விம்முக்குள்ளேயே மாற்ற வேண்டும். கீமாப் என்று ஒரு வசதி இருக்கிறது. எழுதும் நிலையில் மட்டும் தமிழ் விழும், எஸ்கேப் தட்டியதும் கட்டளைகள் தானாக ஆங்கில விசைக்குத் திரும்பிவிடும். விம்மோடு வரும் தமிழ்க் கீமாப் பழைய திஸ்கி குறியாக்கத்துக்கு எழுதியது, இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடுக்கு உதவாது. ஆனால் நீங்களே எழுதலாம். வரிக்கு இரண்டு பத்தி: இடது பக்கம் தட்டும் விசை, வலது பக்கம் விழும் எழுத்து. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருந்து என்னுடையதை எழுதினேன், அதன் பிறகு தொடவே இல்லை.

விஎஸ் கோடுக்குள் விம் எக்ஸ்டென்ஷன் போட்டால் அதிலும் நிலை மாறும்போது உள்ளீட்டு முறையைத் தானாக மாற்றும் அமைப்பு இருக்கிறது, அதையும் பார்க்கலாம்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விம் ஓடும் கறுப்புத் திரையில், அதாவது முனையத்தில், தமிழ் வடிவாக வராது. முனையம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு பெட்டி ஒதுக்குகிறது. "கா" என்பது ஒரு பெட்டியா இரண்டா என்பதில் விம் ஒன்று நினைக்கும், முனையம் வேறொன்று நினைக்கும். நீளமான தமிழ் வரியில் கர்சர் நிற்கும் இடமும் எழுத்து விழும் இடமும் விலகிப் போகும். எனக்கு இது இன்னும் மனவருத்தம்தான்.


தாரகை:

நான் பன்னிரண்டு வருடமாக ஈமாக்ஸ். மேலே யாரும் தம்பியின் இரண்டாவது கேள்வியைத் தொடவில்லை, எனக்கு அதுதான் இந்தப் பேச்சிலேயே முக்கியமான கேள்வி. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்கள் செய்யும் ஒப்பீடுகளில் இது வரவே வராது, நாங்கள்தான் பேச வேண்டும்.

தம்பி, உங்கள் கொழும்பு இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. யுனிகோடில் "கொ" என்பதை எழுத இரண்டு வழி உண்டு. ஒன்று, க என்ற எழுத்துக்குப் பின்னால் ஒகரக் குறி, அது ஒரே குறியீடு. மற்றது, க, அதன் பின் ஒற்றைக்கொம்பு, அதன் பின் அரவு, அதாவது குறி இரண்டு துண்டு. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றுதான். கோப்புக்குள் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட், ஏனென்றால் யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். தேடல் பைட்டைப் பார்க்கிறது, கண்ணைப் பார்ப்பதில்லை. ஆகவே இது எடிட்டரின் பிழை இல்லை, ஆனால் எந்த எடிட்டர் இதைக் காட்டிக்கொடுக்கிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

எங்கிருந்து வந்திருக்கும் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். இலங்கையில் பழைய ஆவணங்கள் எவ்வளவோ யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் "கொ" தட்டுவது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு, மூன்று விசை. அதை யுனிகோடுக்கு மாற்றும் சில கருவிகள் கொம்பை க-வுக்குப் பின்னால் நகர்த்துவதோடு நின்றுவிடும், கொம்பையும் அரவையும் ஒன்றாக்காது. உங்கள் சொற்களில் பாதி யாரோ நேரடியாகத் தட்டியவை, பாதி பழைய ஆவணத்திலிருந்து மாற்றியவை என்று நினைக்கிறேன்.

ஈமாக்ஸில் எழுத்தின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், சமன் குறி தட்டுங்கள். அந்த எழுத்து எத்தனை குறியீட்டால் ஆனது, எந்த எழுத்துருவால் வரைகிறது என்று எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டும். திருத்த வேண்டுமென்றால் பகுதியைத் தெரிவுசெய்து என்எஃப்சி என்ற சீராக்கும் கட்டளையைக் கொடுங்கள், துண்டுகள் ஒன்றாகிவிடும். இது ஈமாக்ஸோடு வருகிறது, வெளியிலிருந்து ஒன்றும் போட வேண்டாம். தமிழ் உள்ளீட்டு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன, கன்ட்ரோல்-பின்சாய்கோடு தட்டினால் தமிழ், திரும்பத் தட்டினால் ஆங்கிலம். கட்டளை விசைகளை அது தொடாது, தம்பிக்கு விம்மில் வந்த சிக்கல் இங்கே வராது. தனிச் சாளரத்தில் ஓடும் ஈமாக்ஸ் 27ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு நூலகத்தைக் கொண்டு எழுத்தை வரைகிறது, தமிழ் கோணாமல் வரும்.

அழிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "கொ" எழுதிவிட்டுப் பின்னழிப்பு தட்டினால் ஈமாக்ஸ் குறியை மட்டும் எடுத்து க-வை விட்டுவைக்கும். தட்டும்போது உயிர்க்குறி பிழைத்தால் எனக்கு அதுதான் வேண்டும். முன்னழிப்பு தட்டினால் 29ஆம் பதிப்பிலிருந்து முழு எழுத்தும் போகும். விம்மில் சாதாரணமாக முழு எழுத்தும் போய்விடும், டெல்கம்பைன் என்ற அமைப்பைப் போட்டால்தான் குறி மட்டும் போகும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பின்னழிப்பு தட்டுகிறோம் என்று நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

சீராக்கினாலும் போகாத இரண்டு பிழை இருக்கிறது, கவனமாக இருங்கள். "கௌரவம்" என்பதைச் சிலர் ஔகாரக் குறி இல்லாமல் கொம்பும் ள என்ற எழுத்துமாகத் தட்டிவிடுவார்கள், கெ-வும் ள-வும். அது வேறு எழுத்து, எந்தச் சீராக்கலும் தொடாது. அடுத்தது ஸ்ரீ. ஸ-வில் தொடங்கும் ஸ்ரீயும் ஶ-வில் தொடங்கும் ஶ்ரீயும் பார்வைக்கு ஒன்றுபோல வரும். ஶ என்ற எழுத்து 2005இல்தான் யுனிகோடில் சேர்ந்தது, அதற்கு முன் எழுதிய எல்லாம் ஸ-வோடு. ஸ்ரீ லங்கா என்ற பெயரே இரண்டு விதமாக உங்கள் கோப்பில் இருக்கலாம்.

ஈமாக்ஸின் குறை: தொடக்கம் கடினம். மற்ற செயலிகளில் பழகிய வெட்டி ஒட்டும் விசைகள்கூட இங்கே வேறு. முதல் மாதம் கை வலித்தது, கேப்ஸ் லொக்கைக் கன்ட்ரோலாக மாற்றிய பிறகுதான் சரியானது. ஆனால் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்கு, ஈமாக்ஸின் மாகிட் பாவித்த ஒருவர் திரும்ப வேறொன்றுக்குப் போவது கஷ்டம். ஒரு கோப்பின் மாற்றத்தில் நான்கு வரியை மட்டும் தெரிவுசெய்து ஒரு கமிட்டில் (கிட் பதிவில்) போட்டு, மற்ற வரிகளை அடுத்த கமிட்டுக்கு வைப்பதை இரண்டு விசையில் செய்கிறேன்.


வெள்ளவத்தை06:

அக்கா, இப்போதுதான் விளங்கியது. எங்கள் தமிழ்க் கோப்பில் ஒரு பகுதி உண்மையிலேயே பழைய பாமினி ஆவணத்திலிருந்து வந்ததுதான், லீட் அண்ணாவிடம் கேட்டு உறுதிப்படுத்தினேன்.


கொட்டாஞ்சேனை13:

நான் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை அனுபவித்தவன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. என்னிடம் அப்போது மேசைக் கணினிதான், யூபிஎஸ் பற்றரி செத்துக் கிடந்தது, புதியது வாங்கப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன், கிடைத்ததன் விலை கைக்கு எட்டவில்லை. நேர அட்டவணை ஒன்று இருந்தது, அதற்கு முன்னாலேயே போன நாட்களும் உண்டு. ஒரு பின்னேரம் சம்பளக் கணக்கு நிரலின் நடுவில் திரை அணைந்தது. சேமித்து ஒரு மணித்தியாலம் இருக்கும். இருட்டில் மெழுகுதிரி தேடும்போது மனதில் அந்த ஒரு மணித்தியாலம்தான் ஓடியது. இரவு கரண்ட் வந்ததும் விம்மில் அதே கோப்பைத் திறந்தேன். ஸ்வாப் கோப்பு (விம் தானாக எழுதிவைக்கும் காப்பு) இருக்கிறது, மீட்கவா என்று கேட்டது. மீட்டேன். கடைசி அரை வரியைத் தவிர எல்லாம் இருந்தது.

விம் 200 எழுத்து தட்டியதும், அல்லது 4 வினாடி கை ஓய்ந்ததும் ஸ்வாப்பில் எழுதிவிடும். ஈமாக்ஸ் 300 எழுத்துக்கு ஒருதரம், அல்லது 30 வினாடி சும்மா இருந்தால். விஎஸ் கோடும் சேமிக்காத கோப்புகளைத் தனியாகக் காத்துவைத்து அடுத்த தடவை திறக்கும்போது தரும், அதோடு அதே 2022 மார்ச் பதிப்பில் உள்ளூர் வரலாறு என்ற வசதியும் வந்தது, கிட்டில் போடாத பழைய நிலைகளையும் அதில் பார்க்கலாம். எதைப் பாவித்தாலும் இந்த மீட்பு எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் வேண்டுமென்றே செயலியைக் கொன்று பார்த்துப் பழகுங்கள். தேவை வரும் நாளில் கை நடுங்கும், அப்போது படிக்க முடியாது.


தெமட்டகொடை_டெவ்:

இதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த உள்ளூர் வரலாறு என்னை இரண்டு தடவை காப்பாற்றியது.

தொலைவில் உள்ள சேர்வரில் வேலை செய்வதைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் சேர்வர் சிங்கப்பூரில். எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக விம்மில் தட்டினால் ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய்த் திரும்பி வந்துதான் திரையில் விழும், பின்னேரம் இணைப்பு இழுபடும்போது அது பெரிய கஷ்டம். விஎஸ் கோட் ரிமோட்டில் தட்டுவது என் லப்டொப்பில், கோப்பும் மொழிச் சேர்வரும் அங்கே. இழுபடுவது தெரியவே தெரியாது.


பழைய_ஷெல்:

அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. விஎஸ் கோட் தன் சேர்வர் ஒன்றை அந்த இயந்திரத்தில் நிறுவுகிறது. 2024 தொடக்கத்தில் வந்த 1.86 பதிப்பு கிலிப்சி என்ற லினக்ஸ் அடிப்படை நூலகத்தின் 2.28 பதிப்பு வேண்டும் என்றது, பழைய லினக்ஸ்களான சென்ட்ஓஎஸ் 7உம் உபுண்டு 18.04உம் ஓடிய சேர்வர்களுக்குள் ஒரே நாளில் போக முடியாமல் போனது. பெரிய எதிர்ப்பு வந்த பிறகு கொஞ்சக் கால அவகாசம் கொடுத்தார்கள். வாடிக்கையாளரின் பழைய சேர்வரில் நள்ளிரவில் ஒரு வரி திருத்த வேண்டிய நிலையில் உள்ளவனுக்கு அங்கே ஏற்கெனவே இருப்பதுதான் எடிட்டர். விஐ யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொசிக்ஸ் தரத்தின் பகுதி, மிகச் சிறிய லினக்ஸான அல்பைன் கொள்கலனில்கூட பிஸிபொக்ஸ் என்ற கருவித் தொகுப்போடு ஒரு விஐ வரும். (டெபியன் ஸ்லிம் படிமத்தில் அதுவும் இராது, அங்கே எடிட்டரே இல்லாமல் வரிகளை மாற்றும் செட் (sed) கட்டளையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.) சேர்வரிலேயே முனையத்தை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் விம் ஓடினால் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்.

எழுத்து இழுபடுவது உண்மை. அதற்கு எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக மொஷ் பாவிக்கிறேன், தட்டியதை முன்கூட்டியே திரையில் காட்டிவிடும், பாதிக் கஷ்டம் குறையும். மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.


தாரகை:

ஈமாக்ஸில் தொலைக் கோப்புகளைத் திறக்க ட்ராம்ப் இருக்கிறது. சேர்வரில் எதையும் நிறுவாது, சாதாரண எஸ்எஸ்எச்சும் ஷெல்லும் இருந்தால் போதும், தட்டுவது இங்கேயே. ஆனால் பெரிய திட்டத்தில் கிட் நிலை பார்க்கும்போது மெதுவாகத்தான் இருக்கும்.


நிலா_தரம்:

நான் க்யூஏ (தரச் சோதனை), நிரல் எழுதுவது குறைவு, செயலி எழுதிவைக்கும் லொக் கோப்புகளை வாசிப்பதுதான் வேலை. 2 ஜிபி லொக்கை எந்த எடிட்டரிலும் திறக்காதீர்கள், முனையத்தில் லெஸ் கட்டளையைப் பாவியுங்கள், தேடவும் முடியும், கடைசியிலிருந்து பின்னோக்கி வரவும் முடியும். விஎஸ் கோட் 20 எம்பி அல்லது மூன்று லட்சம் வரி தாண்டினால் நிறம் போடுவது போன்றவற்றைத் தானாக நிறுத்திவிடும், ஈமாக்ஸ் 10 எம்பியிலேயே "திறக்கவா" என்று கேட்கும்.

என்னோடு வேலை செய்யும் ஒருவருக்குப் பார்வை இல்லை. அவர் விஎஸ் கோடும் திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏயும் பாவிக்கிறார், பிழை உள்ள வரிக்கு வந்ததும் ஒலி எழுப்பிச் சொல்கிறது, எங்களை விடக் கெதியாக வேலை முடிப்பார். ஈமாக்ஸிலும் 1995இலிருந்து, பேசிச் சொல்லும் ஈமாக்ஸ்பீக் இருக்கிறது, அதை எழுதிய டி. வி. ராமனுக்கும் பார்வை இல்லை. எடிட்டரை ஒப்பிடும்போது இதையும் ஒரு வரியாவது எழுதுங்கள்.


வெள்ளவத்தை06:

ஒரு கிழமை கழித்து வருகிறேன்.

முதலில் விஎஸ் கோடில் ரெகெக்ஸ் (வடிவத்தைக் கொண்டு தேடும்) தேடலில் கொம்பும் அரவும் சேர்ந்த துண்டைப் போட்டு ஒகரக் குறியால் மாற்றினேன், அது நடந்தது. அண்ணா சொல்லித் தந்த ஆசையில் அதையே ஒரு பிரதியில் விம்மிலும் செய்து பார்த்தேன். மெய்யெழுத்துகளும் சேர்ந்து போய்விட்டன, "கொழும்பு" இருந்த இடத்தில் க-வையே காணோம். ஏன் என்று விளங்கவில்லை. பிரதி என்பதால் தப்பினேன்.


பழைய_ஷெல்:

விம் உயிர்க்குறியைத் தனி எழுத்தாகப் பார்ப்பதில்லை, மெய்யோடு ஒட்டியதாகத்தான் பார்க்கும். தேடும் சொல் குறியில் தொடங்கினால், அந்தக் குறி எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த முழு எழுத்தையும் பொருத்தமாக எடுத்துக்கொள்ளும். உதவிக் கோப்பில் இதை எழுதியிருக்கிறார்கள், நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். முழுக் கோப்பையும் யூகான்வ் என்ற வெளிக் கட்டளைக்குள் அனுப்பி என்எஃப்சியாக வாங்குங்கள். ஆச்சரியக்குறி போட்டால் விம் கோப்பை எந்தக் கட்டளைக்குள்ளும் செலுத்தி விடையைத் திரும்ப வாங்கும்.


வெள்ளவத்தை06:

செய்தேன், சரிவந்தது. அக்கா சொன்ன மற்ற இரண்டையும் தேடினேன்: "கெளரவ" என்று ள-வோடு எழுதியவை நான்கு இடம், ஸ்ரீ இரண்டு விதத்திலும் இருந்தது. இப்போது கமிட்டுக்கு முன்னால் ஓடும் ஒரு சின்னப் பைதன் நிரல் போட்டிருக்கிறேன், சீராகாத தமிழ் வரி இருந்தால் கமிட்டை நிறுத்திவிடும். லீட் அண்ணா அதைச் சிங்களக் கோப்புக்கும் ஓட்டச் சொன்னார்.

எடிட்டர் விஷயத்தில் என் முடிவு: விஎஸ் கோடுக்குள் விம் எக்ஸ்டென்ஷன், தமிழ்க் கோப்புக்கு மட்டும் ஈமாக்ஸ். ஜாவாவை விஎஸ் கோடிலேயே விட்டுவிட்டேன், 8 ஜிபிக்கு வேறு வழி இல்லை. அக்கா, ஈமாக்ஸின் தமிழ் உள்ளீட்டு முறையில் "ழ" எந்த விசை? நேற்று இரவு முழுக்க "கொளும்பு" என்றே விழுகிறது.


தாரகை:

தம்பி, ஆங்கில ஒலிப்பில் தட்டும் ஐட்ரான்ஸ் முறை என்றால் சின்ன இசட். எந்த முறையில் இருந்தாலும் கன்ட்ரோல்-எச், பெரிய ஐ தட்டுங்கள், எந்த விசைக்கு எந்த எழுத்து என்று முழுப் பட்டியலும் வரும்.